2020-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி சரிந்ததற்குக் காயங்கள்தான் காரணமா, இல்லை அது ரசிகர்கள் சொல்லும் சாக்கா?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "முந்தைய சீசனில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி வரை போன அணி, அடுத்த சீசனில் 6 வெற்றி 10 தோல்வி. எல்லா அணியிலும்தானே அடிபடுகிறது?"

காயங்கள்தான் காரணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாக் காயத்தையும் தலையெழுத்து என்று தள்ளிவிடவும் முடியாது. அணி நிர்வாகம் தானே வரவழைத்துக்கொண்டதும் அதில் கொஞ்சம் உண்டு.

நான் இருப்பது சான்டா கிளாரா கவுண்டியில். நைனர்ஸின் சொந்த மைதானமான லீவைஸ் ஸ்டேடியம் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அமெரிக்கா வந்த புதிதில் இந்த விளையாட்டு ஒன்றுமே புரியாது. அலுவலக நண்பர்கள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது செப்டம்பர் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் கிளம்ப மாட்டேன்.

2020 பிப்ரவரி 2, மயாமியில் சூப்பர் பவுல். நான்காவது குவார்ட்டரில் நைனர்ஸ் 20-10 என்று முன்னிலையில் இருந்தார்கள். கடைசியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 31-20 என்று ஜெயித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. அணியில் பாதிப் பேர் சின்னப் பையன்கள். அடுத்த வருடம் நமக்குத்தான் என்று இங்கே எல்லோரும் நம்பினோம்.

அப்புறம் வந்தது கொரோனா. பயிற்சி ஆட்டங்கள் எல்லாம் ரத்து. எறியும் பந்தைப் பிடிக்கும் டீபோ சாமுவேல் ஜூன் மாதமே அணி முகாமுக்கு வெளியே பயிற்சி செய்யும்போது பாதத்தில் எலும்பை முறித்துக்கொண்டார். செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையில் எங்கள் ஊர் வானம் காலையிலேயே ஆரஞ்சு நிறமாக, விளக்குப் போட்டு உட்காரும் அளவுக்கு இருண்டு கிடந்தது. நான்கு நாள் கழித்து, ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். அரிசோனா கார்டினல்ஸிடம் 24-20 என்று தோற்றோம். ஜார்ஜ் கிட்டில் முழங்காலில் அடி வாங்கினார். ரிச்சர்ட் ஷெர்மனுக்குக் கெண்டைக்கால்.

அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 20. நியூ ஜெர்சியில் மெட்லைஃப் ஸ்டேடியம், எதிரணி நியூயார்க் ஜெட்ஸ். எங்களுக்குக் காலை பத்து மணி. எங்கள் முதல் முயற்சியிலேயே ரஹீம் மோஸ்டர்ட் பந்தை வாங்கிக்கொண்டு 80 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்தார், மணிக்கு 23 மைல் வேகத்தில். நான் சோபாவிலிருந்து எழுந்து கத்தியதில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்வரிசைத் தடுப்பாளர் நிக் போசா கீழே கிடந்தார்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் ஷட்டில் ஆடும்போது எனக்கு முழங்கால் ஜவ்வு அறுந்தது. ஏ.சி.எல். என்பார்களே, அதே ஜவ்வு. யாரும் என்னைத் தொடவில்லை. பின்னால் போகிற கார்க்குக்காகத் திரும்பினேன், கால் தரையிலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ சொடக்கு விட்ட மாதிரி இருந்தது. முதலில் வலிகூடத் தெரியவில்லை, கால் என்னுடையது இல்லை என்பதுபோல் இருந்தது. அதனால் போசா முழங்காலைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்ததுமே என் மனைவியிடம் சொன்னேன்: "இந்த சீசன் இவனுக்கு முடிஞ்சுபோச்சு." சில நிமிடங்களில் சாலமன் தாமஸும் விழுந்தார். அவருக்கும் அதே ஜவ்வு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோவுக்குக் கணுக்கால். காலையில் மின்னல் மாதிரி ஓடிய மோஸ்டர்ட்டுக்கு முழங்கால். அவருக்குப் பதிலாக வரவேண்டிய டெவின் கோல்மனுக்கும் முழங்கால்.

ஆட்டத்தை 31-13 என்று ஜெயித்தோம். அதே ஆட்டத்தில், 31 யார்டு தேவைப்பட்ட மூன்றாவது முயற்சியில் ஜெரிக் மெக்கின்னன் 55 யார்டு ஓடினார். அவர் யார் தெரியுமா? இதே ஜவ்வு அறுந்ததால் 2018, 2019 என்று இரண்டு முழு சீசன்களை இழந்தவர். அந்த ஓட்டத்தைப் பார்த்து அழுதேன். வெற்றி தோல்வி அதற்குள் மறந்துபோயிருந்தது.

மெட்லைஃபில் இருந்தது புதிதாகப் போட்ட செயற்கைத் தரை. அது காலைப் பிடித்து இழுப்பதாக வீரர்கள் சொன்னார்கள். லீக் ஆய்வு செய்து, விதிப்படி எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது. அதே வருடம் வீரர்கள் சங்கத் தலைவர் ஜே.சி. ட்ரெட்டர் ஒரு கட்டுரையில், யாரும் மோதாமலேயே காலில் ஏற்படும் காயங்கள் செயற்கைத் தரையில் 28 சதவீதம் அதிகம் என்று லீக்கின் கணக்கையே வைத்து எழுதினார். முழங்காலை மட்டும் எடுத்தால் 32 சதவீதம், கணுக்காலும் பாதமும் 69 சதவீதம். இத்தனை கோடி புரளும் லீக்கில் புல் வளர்க்க முடியாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2023-ல் இதே ஸ்டேடியத்தில் தரையை மாற்றிப் போட்டார்கள். மறுபடியும் செயற்கைத் தரைதான். அந்த செப்டம்பரில் ஜெட்ஸுக்கு ஆட வந்த ஏரன் ராஜர்ஸ் முதல் ஆட்டத்தின் நான்காவது முயற்சியிலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார்.

சரி, "எல்லா அணியிலும்தானே அடிபடுகிறது" என்ற கேள்விக்கு வருகிறேன். எத்தனை பேருக்கு அடிபட்டது என்று எண்ணுவதைவிட எந்த இடத்தில் அடிபட்டது என்று பார்க்க வேண்டும்.

2019-ல் நைனர்ஸின் பலமே முன்வரிசைத் தடுப்பாளர்கள். எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவர் மேல் நான்கு பேரே பாய்ந்துவிடுவார்கள். நான்கு பேர் போதும் என்பதால் மீதி ஏழு பேர் பின்னால் நின்று வழியை அடைக்கலாம். தடுப்பாட்டப் பயிற்சியாளர் ராபர்ட் சாலே வகுத்த தடுப்பாட்டம் முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. 2019-ல் 48 முறை எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தினார்கள். 2020-ல் 30 முறை. போசா இல்லை. இன்னொரு முன்வரிசைத் தடுப்பாளர் டீ ஃபோர்ட் முதல் ஆட்டத்துக்கு அப்புறம் களத்துக்கே வரவில்லை. ஆரிக் ஆர்ம்ஸ்டெட் தனியாளாக மாட்டிக்கொண்டார், 10 என்றிருந்த அவர் எண்ணிக்கை மூன்றரைக்கு இறங்கியது. டிசம்பரில் பஃபலோ பில்ஸுடன் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஜாஷ் ஆலன் 375 யார்டு எறிந்தார், நான்கு டச் டவுன். அவருக்குப் பக்கத்தில் போகக்கூட ஆள் இல்லை.

இத்தனைக்கும் அந்த வருடம் விட்டுக்கொடுத்த யார்டுக் கணக்கில் நைனர்ஸின் தடுப்பாட்டம் லீக்கிலேயே ஐந்தாவது இடம். கூட்டத்தில் ஒருவராக எடுக்கப்பட்ட கெர்ரி ஹைடர் எட்டரை முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தி அணியிலேயே முதலாவதாக வந்தார். ஃபிரெட் வார்னர் ஆல்-ப்ரோ ஆனார், அதாவது லீக்கின் அந்த வருடச் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் வந்தார். பெயர் தெரியாத ஆட்களை வைத்து சாலே செய்த அந்த வேலைக்காகத்தான் ஜெட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது என்று நான் நினைக்கிறேன்.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரோப்போலோ ஆடியது ஆறே ஆட்டம். அவருக்குப் பதிலாக இறங்கிய நிக் மல்லன்ஸ் தைரியசாலி, ஆனால் தப்பு செய்வார். 12 டச் டவுன், 12 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). வாஷிங்டனுடன் தோற்ற ஆட்டத்தில் எதிரணியின் தாக்குதல் வரிசை ஒரு டச் டவுன்கூட அடிக்கவில்லை. நாம் கொடுத்த பந்தை வைத்து அவர்களுடைய தடுப்பாளர்களே இரண்டு அடித்துவிட்டார்கள். 23-15.

இப்போது நிர்வாகத்தின் தவறு. 2020 மார்ச்சில் முன்வரிசைத் தடுப்பாளர் டிஃபாரஸ்ட் பக்னரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பணக் கணக்கு. எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கச் சம்பள வரம்பில் இடமில்லை. பக்னர் நைனர்ஸில் இருந்த நான்கு சீசன்களில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். முதுகு, தொடை என்று ஏற்கெனவே அவதிப்பட்டுக்கொண்டிருந்த ஃபோர்டை வைத்துக்கொண்டு, ஒரு நாளும் படுக்காத மனிதரை விட்டுவிட்டார்கள். பக்னர் போன இடத்தில் அந்த வருடமே ஆல்-ப்ரோ. கரோப்போலோ 2018-ல் மூன்றாவது ஆட்டத்திலேயே ஜவ்வு அறுந்து சீசனை இழந்தவர். தாக்குதல் முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் வெஸ்டன் ரிச்பர்க் 2019 டிசம்பரிலேயே முழங்கால் போனவர், அப்புறம் ஆடவே இல்லை. போசாவுக்கு நடந்ததை யாராலும் தடுத்திருக்க முடியாது. மற்றதெல்லாம் தெரிந்தே வைத்த பந்தயம். பொது மேலாளர் ஜான் லிஞ்சும் தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹானும் அணியைக் கட்டிய விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனாலும் அந்த மார்ச் மாத முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். நவம்பர் 1 சியாட்டிலில் கரோப்போலோவுக்கு அதே கணுக்கால், கிட்டிலுக்குப் பாத எலும்பு முறிவு. நான்கே நாளில் கிரீன் பே பேக்கர்ஸுடன் வியாழக்கிழமை ஆட்டம். ஒரு வீரருக்குக் கொரோனா டெஸ்ட் பாசிட்டிவ் என்று வர, தொடர்பில் இருந்த ட்ரென்ட் வில்லியம்ஸ், பிராண்டன் ஐயுக் எல்லாம் வெளியே. பிறகு எடுத்த டெஸ்டில் அந்த வீரருக்கு நெகட்டிவ் என்று வந்தது. 34-17 தோல்வி. ஆனால் அன்று ரிச்சி ஜேம்ஸ் 184 யார்டு பிடித்தார். அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

நவம்பர் 28 அன்று எங்கள் கவுண்டி, உடல் மோதும் விளையாட்டுகளுக்கு மூன்று வாரம் தடை போட்டது. மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்த நேரம், அந்த முடிவு சரிதான். ஆனால் அணி மூட்டை கட்டிக்கொண்டு அரிசோனாவில் கிளெண்டேலுக்குப் போகவேண்டியிருந்தது. குடும்பத்தை விட்டுவிட்டு, அடிபட்ட காலோடு, ஹோட்டலில். எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் பிசியோதெரபி நடந்தபோது படியிறங்கக்கூட மனைவியின் தோள் வேண்டியிருந்தது. அதனால் இந்த விஷயம் எனக்கு ரொம்பவே உறைத்தது. அந்த சீசனில் நைனர்ஸ் சொந்த மண் ஆட்டங்கள் எட்டில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. கிளெண்டேலைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய மூன்றையும் தோற்றார்கள்.

அந்த வருடத்தின் பில் பிறகுதான் வந்தது. கரோப்போலோவை நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்து, புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் 6-10-ஆல் கிடைத்த 12-வது தேர்வையும் அடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்றையும் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 2022-ன் இரண்டாவது ஆட்டத்தில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டல்லஸுக்குப் போய்விட்டார். 2020-ன் காயங்கள் 2020-ஓடு முடியவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இவ்வளவும் படித்த பிறகும் சாக்கு என்று தோன்றினால், 2020 டிசம்பர் 26 ஆட்டத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். ப்ளே-ஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றுக்கான வாய்ப்பு முந்தைய வாரமே போய்விட்டது. மல்லன்ஸுக்கும் முழங்கையில் காயம், மூன்றாவது குவார்ட்டர்பேக் சி.ஜே. பெத்தார்ட் இறங்கினார். எதிரே ப்ளே-ஆஃபுக்காகப் போராடிக்கொண்டிருந்த கார்டினல்ஸ். இடம் அதே கிளெண்டேல், இந்த முறை விருந்தாளிகளாக. முறிந்த பாதம் கூடிய கிட்டில், சம்பளமும் பெயரும் ஏற்கெனவே கையில் இருக்க, வராமலேயே இருந்திருக்கலாம். வந்தார். 92 யார்டு பிடித்தார். ஜெஃப் வில்சன் 183 யார்டு ஓடினார். பெத்தார்ட் மூன்று டச் டவுன் எறிந்தார். 20-12, நைனர்ஸ் வெற்றி.