வெளியில் எலி, வீட்டில் புலி

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் ஒரு பக்கம், ஃபேக்டரி ஒரு பக்கம், நடுவில் நான். ஷிப்மெண்ட் தள்ளிப்போனதற்குப் போன வாரம் மேனேஜர் தையல் செக்‌ஷனில் எல்லார் முன்னாலும் கத்தினார். தப்பு நடந்தது துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங்கில், ஆனாலும் நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஹோம்வொர்க் முடிக்கவில்லை என்று ஏழு வயது மகளைக் கண்டபடி திட்டிவிட்டேன். தூக்கத்தில்கூட விசும்பினாள். ‘வெளியில் எலி, வீட்டில் புலி’ என்கிறாள் மனைவி. எல்லாம் டென்ஷன்தான். எப்படிக் குறைப்பது?

பதில்: முதலில் அந்த ‘டென்ஷன்’ என்ற சொல்லை ஓரமாக வையுங்கள். பஸ் வரவில்லையென்றாலும் டென்ஷன், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் டென்ஷன், மாமியார் வருகிறார் என்றாலும் டென்ஷன் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம், அப்புறம் உள்ளே என்ன கிடக்கிறது என்று நமக்கே தெரிவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால், அன்று உங்களுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை என்று தோன்றுகிறது. அவமானம். தினமும் நீங்கள் வேலை வாங்குகிற ஆட்கள் முன்னால் தலைகுனிந்து நின்ற அவமானம், கூடவே செய்யாத தப்புக்குப் பதில் சொல்லவில்லையே என்ற ஆதங்கம். ‘எனக்கு அவமானமாக இருக்கிறது’ என்று சொல்லி நம் ஆண்களுக்குப் பழக்கமே இல்லை, கத்தத்தான் தெரியும்.

பெயர் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? மேத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குரிய சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. மந்திரம் ஒன்றுமில்லை, கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் உங்கள் மகளுக்குப் போதும்.

உடம்பின் கணக்கு வேறு. மேனேஜர் கத்தும்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும், பின்னாலேயே கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் வரும், அது வடிய நேரம் பிடிக்கும். பைக்கில் வரும்போது ‘அப்படிக் கேட்டிருக்கலாம், இப்படிக் கேட்டிருக்கலாம்’ என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தால், அந்த ஆள் இன்னும் எதிரில்தான் நிற்கிறார் என்று உடம்பு நம்பிக்கொண்டிருக்கும். அதனால் வீட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நில்லுங்கள். போனை எடுக்காதீர்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஏழெட்டு முறை விடுங்கள், இதயத் துடிப்பு தணியும். (ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்வார்கள். எனக்கு ஆறு வருவதற்குள் சண்டைக்கான வசனம் தயாராகிவிடும்.) வீட்டில் நுழைந்ததும் மனைவியிடம் ‘இன்றைக்கு ஆபீஸில் அவமானப்பட்டுவிட்டேன், அரை மணி நேரம் விடு’ என்று சொல்லிப் பாருங்கள்.

மேனேஜரிடமும் பேசத்தான் வேண்டும், ஆனால் கத்திய அன்று வேண்டாம். மறுநாள் தனியாக, ‘தப்பு இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள் சார், லைனில் வைத்து வேண்டாம்’ என்று ஒரே வரி. அவர் மாறுவார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஆனால் விழுங்கியதை மகள் மேல் துப்ப வேண்டியிருக்காது. அவளிடம் இன்றே ‘அப்பா கத்தியது தப்பு, உன் மேல் கோபம் இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஆனால் நீயும்...’ என்று மட்டும் இழுக்காதீர்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்றால் கோபமே படாமல் இருப்பதா?

பதில்: இல்லை. பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1990-இல் அதைப் பற்றி எழுதியபோது, நம் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் கவனித்து, பிரித்தறிந்து, அதை வைத்து யோசிப்பதும் நடப்பதும் என்றுதான் விளக்கினார்கள். கோபத்துக்கு அதில் தடை இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள், பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.