சாப்பாட்டுப் பொதியோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வெள்ளவத்தையில் ஒரு பயண முகவர் நிலையத்தில் நீண்ட காலமாக டிக்கெட் பதிகிறேன். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் பலர் கேட்கும் அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றியதுதான். இம்முறை அந்தக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இதைக் கொண்டுபோகலாமா, அக்கா?" என்ற கேள்விக்கு மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பையை ஊடுகதிரில் பார்ப்பவர், அது திரவமா, ஆபத்தான பொருளா என்று பார்க்கிறார். விமான நிறுவனம் எடையையும் ஒழுகலையும் மணத்தையும் பார்க்கிறது. போய் இறங்கும் நாட்டின் அதிகாரி, அதற்குள் பூச்சியோ விலங்கு நோயோ வருகிறதா என்று பார்க்கிறார். முதலாமவர் விட்டுவிட்டால் மூன்றாமவரும் விடுவார் என்ற நம்பிக்கையால்தான், இரவிரவாகச் சமைத்த உணவு அந்நிய நாட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

கேள்வி (வெள்ளவத்தை): மகன் லண்டனில் படிக்கிறான். மட்டன் றோல்ஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பொரிக்காமல் உறையவைத்துக் கொண்டுபோனால் விடுவார்களா?

விடமாட்டார்கள், அம்மா. உறையவைத்தாலும் பொரித்தாலும் இறைச்சி இறைச்சிதான். இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குப் பயணிகள் இறைச்சியோ பாற்பொருளோ கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிற்சர்லாந்திலும் இதே நிலைதான். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி என்ற வேறுபாடு கிடையாது. நெய், தயிர், பாற்கட்டி ஆகியவையும் இந்தத் தடைக்குள் அடங்கும்.

மீனுக்கு அங்கே இவ்வளவு கண்டிப்பு இல்லை. சொந்தப் பாவனைக்கு ஒருவர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். கருவாடும் மாசியும் அதில் அடங்கும். அதற்காக மீன் றோல்ஸ் செய்து அடுக்கிவிடாதீர்கள். லண்டனுக்கு நேரடி விமானத்திலேயே ஏறத்தாழ 11 மணி நேரம். வீட்டிலிருந்து புறப்பட்டு மகனின் அறையை அடையும் வரை எண்ணினால் இன்னும் கூடும். உருளைக்கிழங்கும் மீனும் கலந்த உள்ளீடு அத்தனை நேரம் தாங்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், நன்றாகப் பொரித்த நெத்தலியும் மாசியும் வறுத்த கறித்தூளும் கட்டிக் கொடுப்பேன். ஆட்டிறைச்சி லண்டனில் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் கறித்தூள்தான் அங்கே கிடைக்காது. றோல்ஸை அவனுடைய அடுப்பிலேயே ஒருநாள் சேர்ந்து செய்யுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சீனிச்சம்பல் போத்தலைக் கைப்பையில் வைத்தேன், எடுத்துவிட்டார்கள். அது என்ன திரவமா?

அவர்களுடைய கணக்கில் ஆம். ஊற்றக்கூடியது, பூசக்கூடியது, குழைவானது எல்லாம் திரவத்தோடுதான் சேரும். சீனிச்சம்பல், ஊறுகாய், ஜாம், தேன், கித்துள் பாணி, தயிர், நெய், கோவிலில் தந்த பஞ்சாமிர்தம் என்று பட்டியல் நீளும். 2006 ஆம் ஆண்டு லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று அம்பலமான பின்னர் வந்த கட்டுப்பாடு இது. ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக்கூடாது; எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். போத்தலின் கொள்ளளவுதான் கணக்கு. 400 மில்லிலீற்றர் போத்தலின் அடியில் இரண்டு கரண்டி சம்பல் மட்டும் இருந்தாலும் அது 400 தான்.

ஆகவே பெரிய பெட்டிக்குள் வையுங்கள். அங்கே 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை, ஆனால் ஒழுகும் அபாயம் உண்டு. விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம், சுமார் 6000 முதல் 8000 அடி உயரமான மலையில் இருப்பதற்குச் சமம். பொதிகள் வைக்கும் அறையிலும் அதே அழுத்தம்தான். நுவரெலியாவுக்கு ஏறும்போது கிழங்குப் பொரியல் பைக்கற் ஊதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? போத்தலுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரிந்து, எண்ணெயை மூடியின் இடுக்கால் வெளியே தள்ளும். கழுத்துவரை நிரப்பாதீர்கள். வாயில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து மூடியை இறுக்குங்கள். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றுங்கள். பிறகு இரண்டு பைகளுக்குள் தனித்தனியாகக் கட்டி, துணிகளின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடிப் போத்தலைவிடத் தடித்த பிளாஸ்டிக் நல்லது.

முறுக்கு, பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம் போன்ற உலர்ந்த பலகாரங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவற்றைக் கைப்பையில் வைப்பதே நல்லது. பெரிய பெட்டியில் வைத்தால் தூளாகிவிடும். மிளகாய்த்தூளை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். கண்ணெரிச்சல் தரும் பொருள் என்று தடுத்துவிடக்கூடும்.

கேள்வி (தெஹிவளை): மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மெல்பேர்ண் போகிறேன். சரக்குத்தூள், உள்ளி, நல்லெண்ணெய், ஒடியல் மா, கருவாடு, பால் ரொஃபி எல்லாம் ஆயத்தம். படிவத்தில் "உணவு இல்லை" என்று எழுதினால் தொல்லையில்லாமல் வெளியே வந்துவிடலாம் என்று அயலவர் சொல்கிறார். உண்மையா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அம்மா. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் உணவு கொண்டுபோவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். வருகைப் படிவத்தில் "ஆம்" என்று குறித்தால், அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பார். ஆகக்கூடிய இழப்பு, ஏற்காத பொருளை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னவருக்கு அதற்காகத் தண்டம் இல்லை. "இல்லை" என்று குறித்துவிட்டுப் பிடிபட்டால், அந்த இடத்திலேயே தண்டம். தொகை ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகலாம். தற்காலிக விசாவில் வந்தவரின் விசாவையே இரத்துச் செய்யவும் அதிகாரம் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற நீங்கள் கருவாட்டுக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டுமா? மோப்ப நாய்களும் ஊடுகதிரும் இருக்கிற இடத்தில் கருவாட்டை ஒளிக்கவும் முடியாது. நியூசிலாந்திலும் இதே கண்டிப்பு. அங்கே உடனடித் தண்டம் 400 நியூசிலாந்து டொலர்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பால் ரொஃபியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய் உள்ள நாடுகளின் பாற்பொருள்களை அவர்கள் ஏற்பதில்லை. தீபாவளிக் காலத்தில் பால் இனிப்புகளைக் கொண்டுவர வேண்டாம் என்று தனியாக அறிவுறுத்துவார்கள். பச்சை உள்ளியும் வேண்டாம், மெல்பேர்ண் கடைகளில் கிடைக்கும். நல்லெண்ணெயும் அப்படித்தான், அதன் எடையில் வேறு பொருள் கொண்டுபோகலாம். சரக்குத்தூளைக் கடையில் முத்திரையிட்ட பைக்கற்றாக, உள்ளடக்கம் அச்சிட்ட உறையோடு வாங்குங்கள். வீட்டில் இடித்த தூள் சுவையில் மேலானதுதான். ஆனால் பெயரில்லாத பழுப்பு நிறத் தூளைப் பார்க்கும் அதிகாரிக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? ஒடியல் மாவுக்கும் இதே யோசனை. கருவாட்டைத் தலையும் குடலும் நீக்கியதாக வாங்கி, மேலாக வைத்து, கேட்குமுன் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்தால் பெட்டியைக் கிளற வேண்டியிருக்காது.

இன்னொன்று: விமானத்தில் தந்த வாழைப்பழத்தையோ அப்பிளையோ கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கக்கூடாது. அதற்கும் இதே சட்டம்தான்.

கேள்வி (வத்தளை): நான்கு இணுக்குக் கறிவேப்பிலைதானே, அக்கா?

நான்கு இணுக்கில் ஒட்டியிருக்கும் பூச்சி முட்டைகள் போதும், தம்பி. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் ஒரு பற்றீரிய நோயைக் காவுகிற சிறு பூச்சி கறிவேப்பிலையில் வாழ்கிறது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஐரோப்பா எல்லாம் பச்சைக் கறிவேப்பிலைக்கு அஞ்சுவது அதனால்தான். புளோரிடாவின் தோடந் தோட்டங்கள் அந்த நோயால் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதைச் சிறு விடயம் என்று சொல்லமாட்டார்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்திருக்கிறது. பாரிசில் இருக்கும் அண்ணனுக்குக் கொண்டுபோக ஆசை.

ஆசை புரிகிறது. ஆனால் 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைப் பழம், மரக்கறி எதைக் கொண்டுபோனாலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்குப் பெற்றவை ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், தூரியன், வாழை, பேரீச்சை. மாம்பழம் அந்த ஐந்தில் இல்லை. பழ ஈயின் புழுவை அவர்கள் அஞ்சுகிறார்கள். சான்றிதழை விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவு தருகிறது. அதன் தலைமையிடம் கட்டுநாயக்கவிலேயே இருக்கிறது. வியாபாரத்துக்கு அனுப்புகிறவர்கள் அந்த வழியில் போகிறார்கள். ஒரு பெட்டிக்காக அலைவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. பழத்தை இங்கே உறவுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் பனாட்டும் பனங்கட்டியும் கொண்டுபோங்கள். தூரியனுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டென்றாலும், அதன் மணத்துக்காகப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

கேள்வி (மருதானை): டுபாயில் இருக்கும் கணவர் கசகசாவும் வெற்றிலையும் கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். இதில் நான் சமரசம் செய்யமாட்டேன். கசகசா அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, கைதாக நேரிடும். வெற்றிலையும் அங்கே தடை. சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை உண்டு. நம் பலூடாவில் போடும் கறுப்பு விதை துளசி இனத்தைச் சேர்ந்தது, போதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் நம் கடைகளில் அதையும் கசகசா என்றே எழுதி விற்கிறார்கள். அந்தப் பெயர் ஒட்டிய பைக்கற்றோடு டுபாயில் நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வரவேண்டாம்.

கேள்வி (கல்கிசை): அமெரிக்காவுக்குச் சிவப்பரிசி 5 கிலோ?

முடியாது. தானியக் களஞ்சியங்களை நாசமாக்கும் கப்ரா வண்டு உள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து பயணிகள் தம் பொதியில் அரிசி கொண்டுபோக அமெரிக்கா அனுமதிப்பதில்லை.

கேள்வி (வெள்ளவத்தை): ரொறன்ரோவுக்குக் கருவாடு கொண்டுபோகலாமா? மணம் பெட்டியெல்லாம் பரவுமே.

கனடா மீனுக்குத் தாராளமான நாடு. ஒருவர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். ஆனால் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டம் 1300 கனேடிய டொலர் வரை போகும். மணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். புறப்படுவதற்கு முன்னைய நாள் நல்ல வெயிலில் மறுபடி காயவையுங்கள். ஈரம் குறைந்தால் மணமும் குறையும். பிறகு கடதாசியில் சுற்றி, காற்றை உறிஞ்சி மூடும் பையில் அடையுங்கள். அதை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். சேலைகள் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டாம். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது. மேலதிகக் கட்டணம் கட்டினாலும் அதற்கு மேல் ஒற்றைப் பொதியாக ஏற்பதில்லை.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): பத்து மாதக் குழந்தையோடு பயணம். பாலுக்கும் 100 மில்லிலீற்றர்தானா?

இல்லை. குழந்தைக்குப் பயணத்தில் தேவையான பால், ஆறிய கொதிநீர், மசித்த உணவு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அவற்றைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி (இரத்மலானை): விமானச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது. இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போகலாமா?

இடியப்பம் போகலாம். சொதி திரவம், நின்றுவிடும். தேங்காய்ச் சம்பலும் வேண்டாம். நம் வெக்கையில் தேங்காய் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுவான சுகாதார விதி. சோறு இன்னும் கவனத்துக்குரியது. அதில் வளரும் ஒருவகைப் பற்றீரியா விடும் நச்சு சூடாக்கினாலும் போகாது. நீண்ட பயணமென்றால் வறட்டு ரொட்டி, கொறிப்பதற்கு முறுக்கு, வாழைப்பழம் போதும். மிச்சமானதை இறங்குமுன் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

அதைவிட எளிய வழி ஒன்றிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஆசிய மரக்கறி உணவு, இந்து உணவு, முஸ்லிம் உணவு என்று தனியாகக் கேட்கலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும், கூடுதல் பணம் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): சென்னையில் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது உலர்ந்த தேங்காய் கொண்டுவரலாமா?

கொப்பறை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று விமானப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான பொருளாகப் பதியப்பட்டிருக்கிறது. இந்திய விமான நிலையங்களில் முழு உலர் தேங்காயைக் கண்டால் எடுத்துவிடுவார்கள். விபூதியும் குங்குமமும் கொண்டுவாருங்கள். அங்கிருந்து செடி, விதை எதையும் கொண்டுவர நினைத்தால், நம் தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தனியாகப் போகிறார். அதிகாரி கேட்டால் என்ன சொல்வார்?

ஒரு தாளில், பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வோர் உணவின் பெயரையும் அது எதனால் செய்தது என்பதையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். "பயற்றம்மா, சர்க்கரை, தேங்காய், பால் இல்லை, முட்டை இல்லை" என்ற அளவுக்கு விவரம் வேண்டும். அதன் ஒரு பிரதியைப் பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள், இன்னொன்றை அம்மாவின் கையில் கடவுச்சீட்டோடு கொடுங்கள். வருகைப் படிவத்தில் உணவுக்கான கேள்வி எங்கே இருக்கிறது, எந்தக் கட்டத்தில் அடையாளமிட வேண்டும் என்று வீட்டிலேயே ஒருமுறை காட்டிக்கொடுங்கள். அங்கே போய் அந்தத் தாளை நீட்டினால் போதும்.