மீசையைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

வால்பாறையில் ஒரே காலையில் இரண்டு பொன்முதுகு மரங்கொத்திகளைப் படமெடுத்தேன். அதே சிவப்புக் கொண்டை, அதே தங்க முதுகு, வாலுக்கு மேலே அதே சிவப்பு. ஒன்று சற்றுச் சிறியதாக இருந்ததால் குஞ்சு என்று நினைத்தேன். இரண்டும் வேறு பேரினம், நெருங்கிய சொந்தம்கூட இல்லை என்கிறார் நண்பர். இறகைப் பார்த்து உறவு சொல்லமுடியாது என்றால், பழைய பறவையியலாளர்கள் செய்ததெல்லாம் வீண்தானா?

மாலதி

அன்புள்ள மாலதி,

நண்பர் சொன்னது சரி. நானும் பல வருடம் இதில் ஏமாந்தவன்தான்.

முதுகை விட்டுவிட்டு முகத்துக்கு வாருங்கள். அலகடியிலிருந்து இறங்கும் கறுப்பு மீசைக்கோடு ஒற்றையாக இருந்தால் அது சிறியது, டைனோபியம் என்ற பேரினம். இரண்டாகப் பிரிந்து நடுவே வெள்ளை தெரிந்தால் பெரியது, கிரைசோகொலாப்டெஸ். சிறியதற்குக் கருவிழி, கறுத்த பிடரி. பெரியதற்கு வெளிறிய விழி, வெள்ளைப் பிடரி. கால் தெரிந்தால் விரலை எண்ணலாம்: சிறியதற்கு மூன்று, பெரியதற்கு நான்கு. (விரலையும் கண்ணைமூடி நம்பாதீர்கள். மரங்கொத்திகளில் மூன்று விரல் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.)

மரபணுவைக் கேட்டால், பெரியதன் கிட்டத்துச் சொந்தங்களில் ஒன்று அமெரிக்காவின் தந்தஅலகு மரங்கொத்திக் குலம். அந்தத் தந்தஅலகியின் உடம்போ கறுப்பும் வெள்ளையும், பேருக்குக்கூடத் தங்கம் கிடையாது.

இலங்கைக்குப் போனால் வேடிக்கை இன்னும் கூடும். அங்கே இரண்டு பேரினங்களிலுமே செம்முதுகுக்காரர்கள் உண்டு! யாழ்ப்பாணப் பக்கம் டைனோபியம் நம் ஊர்த் தோப்புகளில் இருப்பதுபோலப் பொன்முதுகுதான். தெற்கே போகப்போக அது சிவக்கிறது, நடுவில் இரண்டும் கலந்த ஆரஞ்சு முதுகுக்காரர்களும் உண்டு. ஏதோ உடை மாற்றும்போது இருவரும் பேசிவைத்துக்கொண்டது போல.

ஏன் இப்படி? சிறியது பெரியதன் வேஷம் போடுகிறது, பெரியது ‘நம்மாள்’ என்று ஏமாந்து அடிக்காமல் விடுகிறது என்று பறவையியலாளர் ரிச்சர்ட் பிரம் 2014-ல் எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

நிறம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அமெரிக்க ஓரியோல் பறவைகள் போதும். கெவின் ஓம்லாண்டும் ஸ்காட் லான்யனும் 2000-ல் அவற்றின் இறகுக்கூறுகள் 44-ஐ மரபணு காட்டும் உறவு மரத்தில் பொருத்திப் பார்த்தார்கள். 42 கூறுகள் ஒருமுறைக்கு மேல் தோன்றியோ மறைந்தோ இருந்தன.

ஆனால் ‘வீண்’ என்ற சொல்லை ஒத்துக்கொள்ளமாட்டேன். டைனோபியம் என்ற பேரினம் 1814-லேயே வந்துவிட்டது. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத், 1843-ல் கிரைசோகொலாப்டெஸைத் தனியாக வகுத்தார். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம். அவர் கையில் இருந்தவை பாடம்செய்த தோல்கள்தான். தங்க முதுகில் மட்டுமே கண் நின்றிருந்தால் இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்திருப்பார்.

உங்கள் இரண்டாவது படத்தில் கால் மறைந்திருக்கிறது, ஆனால் பிடரி வெள்ளை. அது பெரியது. முதல் படத்தில் மீசை ஒற்றை, பிடரி கறுப்பு, கொண்டை முழுச் சிவப்பு. நீங்கள் குஞ்சு என்று நினைத்தது சிறியதில் நன்றாக வளர்ந்த ஓர் ஆண்.