பிள்ளைகளோடு பயணம்: எந்த வயதுக்கு எங்கே டிக்கெட்?

கேள்வி: மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4 வயது. போன கோடையில் சென்னைக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் போட்டபோது நாலு பேருக்கும் முழுக் கட்டணம் போய்விட்டது. சின்னவளுக்கு டிக்கெட்டே தேவையில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் சொன்னதுதான் சரி. 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காதவரை ரயிலில் கட்டணம் கிடையாது. உங்கள் பணம் போனது விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான். ஐஆர்சிடிசி தளத்தில் பெரியவர்களின் பெயரை எழுதும் அதே பட்டியலில் 4 வயதுப் பிள்ளையின் பெயரையும் சேர்த்தால், அவளுக்கும் பெர்த் கேட்பதாக எடுத்துக்கொண்டு முழுக் கட்டணம் வாங்கிவிடும். கைக்குழந்தைகளுக்கென்று 'இன்ஃபன்ட்' என்ற தனி வரி இருக்கிறது. சின்னவளின் பெயர் அதில்தான் போக வேண்டும்.

மகன் விஷயம் வேறு. 5 வயது முதல் 12 வயது நிரம்பும்வரை பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். அரை டிக்கெட்டுக்கே முழு பெர்த் கிடைத்த காலம் 2016 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. வயதை 7 என்று போட்டதும் பெர்த் வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனால் முழுக் கட்டணம் விழுந்துவிடும். இரண்டையும் சரியாகச் செய்தால் நான்கு கட்டணம் கொடுத்த இடத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கட்டணம் போதும்.

ஆனால் அந்த இரண்டரையில் இருப்பது இரண்டு பெர்த்துதான். அப்பாவோடு மகனும் அம்மாவோடு மகளும் படுத்தாக வேண்டும். 7 வயதுப் பையனை மிடில் பெர்த்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அதனால் உங்களுக்கு நாங்கள் சொல்வது பகல் ரயில். காலையில் மதுரையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லில் நின்று, பிற்பகலில் சென்னை போய்ச் சேர்கிறது. அதில் முன்பதிவு செய்யும் இரண்டாம் வகுப்பு இருக்கைப் பெட்டிகள் உண்டு. இருக்கை மட்டுமே உள்ள வகுப்புகளில் 'இடம் வேண்டாம்' என்ற சலுகை இல்லை என்பதால் மகனுக்கு முழுக் கட்டணம்தான். இருந்தாலும் இந்த வகுப்பின் கட்டணம் ஸ்லீப்பரில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வரும். சின்னவளுக்கும் சேர்த்து நான்கு இருக்கை எடுத்தாலும் ஸ்லீப்பரின் இரண்டரைக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே முடியும். நாலு பேரும் காலை நீட்டி உட்காரலாம். அவளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று இருக்கையோடு நிறுத்தினால் மிச்சம் இன்னும் கூடும்.

இந்தத் தடத்தில் ஓடும் வந்தே பாரத்திலும் இருக்கை மட்டும்தான், பையனுக்கு முழுக் கட்டணம்தான். ஆனால் அது ஏசி சேர் கார் கட்டணம் என்பதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.

இரவில்தான் போக வேண்டும் என்றால், குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று ஒரு விருப்பம் தளத்தில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள், 6 பேர் வரை போடலாம். தளத்தின் சேவைக் கட்டணம் ஆளுக்கு இத்தனை என்று இல்லை, டிக்கெட்டுக்கு இத்தனை என்றுதான் கணக்கு. யுபிஐயில் கட்டினால் ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், கார்டில் கட்டினால் 15. இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. விடுமுறைக் கூட்டத்தில் அதைத் தவறவிட்டுத் தட்காலுக்குப் போனால் ஸ்லீப்பரில் ஆளுக்கு 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதலாகப் போகும். இதுவரை மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

பிள்ளைகளின் ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். நாலரை வயதில் வாட்டசாட்டமாக இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் பரிசோதகர் கேட்கத்தான் செய்வார்.

கேள்வி: மாமல்லபுரத்தில் 13 வயது மகளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா? ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிச் சீட்டா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: மகளுக்கு வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயது வரை இலவசம். இந்தியப் பெரியவர்களுக்குக் கவுன்டரில் 40 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் 35. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அன்றைக்கு அதே சீட்டுதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அர்ஜுனன் தபசைச் சாலையில் நின்றே பார்க்கலாம். வளர்ந்த பிள்ளை என்பதால் பள்ளி அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். செஞ்சிக் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் துறை இடங்களிலும் இதே வயது வரம்புதான்.

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், நவம்பர் 19 பாரம்பரிய வாரத் தொடக்கம் போன்ற நாட்களில் பெரும்பாலும் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிப்பார்கள். சின்னப் பிள்ளை இருப்பவர்கள் அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பெற்றோர் இருவருக்குமான 80 ரூபாய் மிச்சமாகும், ஆனால் வெயிலில் கூட்டத்துக்கு நடுவே பிள்ளை எதையும் பார்க்காமலே திரும்பும்.

கேள்வி: சென்னைக்குள் சுற்ற பஸ்ஸா மெட்ரோவா, எது மலிவு?
- ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: பஸ்தான், அதிலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து. பெண்களுக்கு அதில் கட்டணமில்லை, 5 வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை, 12 வரை அரை டிக்கெட். ஏறியதும் கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டீலக்ஸ், ஏசி பஸ்களில் இந்தச் சலுகை கிடையாது.

மெட்ரோவில் வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 90 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இலவசம். 4 வயதுப் பிள்ளை பொதுவாக அதைத் தாண்டியிருக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் சும்மா வந்த அதே பிள்ளைக்கு இங்கே முழு டிக்கெட். அரை டிக்கெட் என்பதே இல்லை. இது நியாயமாக எங்களுக்குத் தெரியவில்லை. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரு குடும்பம் மூன்று விதிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 12 வயது வரை பிள்ளைகளுக்கு மெட்ரோவிலும் பாதிக் கட்டணம் வர வேண்டும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு விடுப்பு. எழும்பூர் அருங்காட்சியகம் போகலாமா?
- ஒரு வாசகர், ஆவடி

பதில்: முடியாது, வெள்ளிக்கிழமைதான் அங்கே வார விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான். அன்றைக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவோ கிண்டி சிறுவர் பூங்காவோ போங்கள். அவை இரண்டுக்கும் விடுமுறை செவ்வாய்க்கிழமை.