36 மடங்கை மறந்துவிட்டு 20-ல் நில்லுங்கள்

கேள்வி: பறவை பார்க்கவும் செல்பேசியைப் பொருத்திப் படம் எடுக்கவும் 50 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப் (தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் சிறிய தொலைநோக்கி) ஒன்று வாங்கினேன். 12 முதல் 36 மடங்கு வரை ஜூம் உண்டு. 36-க்குக் கொண்டுபோனால் காட்சி மங்கி, ஆடுகிறது. படம் எடுத்தால் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கறுப்பு. வட்டத்துக்குள் இருக்கும் பறவையும் கூர்மையாக இல்லை. ஆனால் ஜூமைக் குறைத்துக் கண்ணால் பார்க்கும்போது நன்றாகத்தான் தெரிகிறது. கருவியில் கோளாறா? இதைக் கொடுத்துவிட்டு 80 மி.மீ. ஸ்கோப்புக்கு மாறிவிடலாமா?

பதில்: கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. வளையத்தில் 36 என்று பொறித்திருந்தால் யாருக்கும் கை அங்கேதான் போகும். சிறிய ஸ்கோப் வாங்கியவர்கள் முதல் மாதம் முழுக்கச் செய்வது இதைத்தான், நானும் செய்தேன். உங்கள் கருவி நன்றாக வேலை செய்யும் இடம் 15-க்கும் 25-க்கும் நடுவே இருக்கிறது. ஏன் என்பதை ஒரு நிமிடத்தில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஸ்கோப்பை முக்காலியில் வைத்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். சூரியன் இருக்கும் திசைப்பக்கம் மட்டும் வேண்டாம். இப்போது கண்ணருகு வில்லையிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளி நின்று அதைப் பாருங்கள். கறுப்புக்கு நடுவே வெளிச்சமாக ஒரு பொட்டு மிதக்கும். ஜூம் வளையத்தைத் திருப்பத் திருப்பப் பொட்டு சுருங்கும். 12-ல் மிளகளவு இருந்தது 36-ல் கடுகளவு ஆகிவிடும். ஸ்கோப்பிலிருந்து வெளியே வரும் வெளிச்சம் முழுவதும் அந்தப் பொட்டுக்குள்தான் இருக்கிறது. எக்ஸிட் பியூபில் என்பது அதன் பெயர். நான் ஒளிப்பொட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பொருளருகு வில்லையின், அதாவது ஸ்கோப்பின் முன்புற வில்லையின், விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் பொட்டின் அளவு வரும். 50-ஐ 12-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ.; 20-ல் 2.5, 36-ல் 1.4.

பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும். 20 மடங்கில் ஒளிப்பொட்டும் கண்மணியும் ஏறக்குறைய ஒரே அளவு. 36-ல் கண்மணியின் நடுவில் மட்டும் ஒரு சிறு துளி வெளிச்சம் விழுகிறது. கண் வாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அதனால்தான் மங்குகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: பொட்டு சிறிதாக இருப்பதால் தலை கொஞ்சம் அசைந்தாலும் கண் அதைத் தவறவிடும், காட்சி சட்டென்று கறுத்துப்போகும்.

அதிக உருப்பெருக்கத்தில் அதிக நுணுக்கம் தெரியாதா என்று கேட்பீர்கள். ஓர் எல்லை வரை தெரியும். ஒரு வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் அதன் விட்டத்தைப் பொறுத்தது. 116-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் விநாடிக் கோணத்தில் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) அது கிடைக்கும். வானியலில் டாஸ் எல்லை என்று பெயர். 50 மி.மீ. வில்லைக்கு 2.3 விநாடி. நூறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. சிறிய கருவிக்கு இது குறைவான திறமை அல்ல. நல்ல கண் பிரித்தறியும் கோணம் சுமார் 60 விநாடி. 60-ஐ 2.3-ஆல் வகுத்துப் பாருங்கள், 26 வரும். அதாவது வில்லை சேகரித்த நுணுக்கம் 26 மடங்கிலேயே ஏறக்குறைய முழுவதும் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றினால் அதே நுணுக்கம் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியுமே தவிர, புதிதாக எதுவும் பெரிதாகச் சேராது.

1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு தொலைநோக்கியில்தான். அவருடைய வில்லையைவிட உங்களுடையது எவ்வளவோ மேல். வியாழன் வானில் இருக்கும் ஓர் இரவில் முக்காலியை உறுதியாக நிறுத்தி 20-ல் பாருங்கள், அந்தப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். 36-க்கும் ஒரு வேலை உண்டு: நிலா. வெளிச்சம் வேண்டிய மட்டும் இருப்பதால் அங்கே தாராளமாக ஏற்றலாம்.

ஆட்டத்துக்கு வருவோம். அதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. காட்சி முழுவதும் ஒன்றாகக் குலுங்கினால் அது முக்காலி. பறவையின் விளிம்புகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தால் அது காற்று. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது, கானல் நீர் தெரிவதும் இதனால்தான். இதற்கு எந்த விலையுயர்ந்த கருவியிலும் மருந்து கிடையாது. உச்சிவேளையில் 200 மீட்டருக்கு அப்பால் பார்க்கும்போது 80 மி.மீ. ஸ்கோப்பும் உங்கள் 50-உம் அநேகமாக ஒரே அளவுக்குத் தோற்கும். விடிந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் பாருங்கள், முடிந்தவரை நெருங்கிச் செல்லுங்கள், உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். காருக்குள்ளிருந்து பார்ப்பதானால் இஞ்சினை நிறுத்திவிடுங்கள்; சூடான முன்மூடிக்கு மேலாகப் பார்க்காதீர்கள்.

முக்காலியைச் சோதிக்க எளிய வழி: 25 மடங்கில் வைத்து ஸ்கோப்பை விரலால் மெல்லத் தட்டிவிட்டு எண்ணுங்கள். ஒரு விநாடியில் அடங்கினால் நல்லது. மூன்று விநாடிக்கு மேலும் நடுங்கிக்கொண்டிருந்தால், ஸ்கோப்பை மாற்ற வைத்திருக்கும் பணத்தை முக்காலிக்குப் போடுங்கள். ஸ்கோப் சிறிதாக இருப்பதால் முக்காலியும் குச்சிபோல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெருக்கம் 25 என்றால் நடுக்கமும் 25 மடங்கு பெரிதாகத் தெரியும். கருவியின் எடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கால்களில் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். தலைப்பகுதி பந்து வகையாக இல்லாமல் வீடியோ வகையாக இருந்தால் நகரும் பறவையைத் தொடர்வது எளிது. தண்டின் கீழே பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். பை காற்றில் ஊசலாடினால் நிலைமை இன்னும் மோசமாகும், அடிப்பகுதி தரையைத் தொடுகிற மாதிரி விடுங்கள். இலேசான முக்காலியில் ஸ்கோப்பை நிற்கவைத்துவிட்டு, பத்தடி தள்ளிக் கிடந்த ஓர் இறகை எடுக்கப் போனேன் ஒருமுறை. திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று தள்ளிவிட்டது. ஜூம் வளையம் அன்றிலிருந்து 18-ஐத் தாண்டும்போதெல்லாம் கரகரக்கிறது.

இனி படம். ஸ்கோப்பின் வழியே டிஜிட்டல் கேமராவில் படம் எடுப்பதை டிஜிஸ்கோப்பிங் என்கிறார்கள். 1999 வாக்கில் இதைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ. கையடக்கமான சிறு கேமராக்களில்தான் இந்த வித்தை முதலில் நன்றாகக் கைகூடியது. அவற்றின் சிறிய வில்லை ஒளிப்பொட்டுக்குள் அடங்கிவிடும். இன்று செல்பேசி அந்த இடத்துக்கு வந்திருப்பதற்கும் காரணம் அதுவே. செல்பேசியின் முதன்மை லென்ஸின் ஒளித்துளை உத்தேசமாக 3 மி.மீ. இருக்கும். ஸ்கோப்பை 15-ல் வைத்தால் ஒளிப்பொட்டு 3.3 மி.மீ.; லென்ஸ் தனக்கு வேண்டியதை முழுவதும் பெற்றுக்கொள்கிறது. 36-ல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டச் செல்பேசி ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அல்லது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, ஏற்றும். முன்னதால் அசைவு பதியும், பின்னதால் மணல் தூவியதுபோல் ஆகும். உங்கள் படங்களில் அநேகமாக இரண்டும் சேர்ந்திருக்கும்.

20 மடங்கு போதுமா என்ற தயக்கம் வேண்டாம். செல்பேசியின் முதன்மை லென்ஸ் பொதுவாக 26 மி.மீ. குவியத் தூரத்துக்குச் சமம். 20-ஆல் பெருக்கினால் 520 மி.மீ. பறவைப் படக்காரர்கள் தோளில் சுமக்கும் பெரிய லென்ஸ்களின் வீச்சு அது.

கறுப்பு வட்டத்தில் பாதி இயல்பானது. செல்பேசியின் முதன்மை லென்ஸ் பார்க்கும் பரப்பு கண்ணருகு வில்லை காட்டும் பரப்பைவிட அகலம். மிச்சம் கறுப்பாகத்தான் இருக்கும். ஜூம் வகைக் கண்ணருகு வில்லைகளில் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் பார்வைப் பரப்பு மிகவும் குறுகும். அதனால் 12-ல் கறுப்பு அதிகமாகவும் 20-ல் குறைவாகவும் தெரியும். செல்பேசியில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் அல்லது பிறகு ஓரத்தை வெட்டினால் முடிந்தது. வட்டம் ஒரு பக்கம் பிறைபோல் இருண்டிருந்தால்தான் பிழை. லென்ஸ் நடுவில் இல்லை என்று அர்த்தம். வட்டத்தின் விளிம்பு கூர்மையில்லாமல் புகைந்தாற்போல் இருந்தால் தூரம் சரியில்லை. கண்ணருகு வில்லையைச் சுற்றியுள்ள ரப்பர் கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உயர்த்துங்கள். ஓர் இடத்தில் வட்டம் மிகப் பெரிதாகி, விளிம்பு கத்தரித்ததுபோல் தெரியும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கையால் பிடித்துக்கொண்டு இதைச் சாதிக்க முடியாது, அடாப்டர் வேண்டும். அது உங்கள் செல்பேசிக்கென்றே செய்ததாக இருந்தால் நிம்மதி. எல்லா மாதிரிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுபவை ஒவ்வொரு முறையும் நடுப்புள்ளியைத் தேடவைக்கும், அதற்குள் பறவை போய்விடும்.

பல லென்ஸ்கள் உள்ள செல்பேசியில் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் அருகிலேயே ஏதோ பொருள் இருப்பதாக நினைத்துச் சில செல்பேசிகள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிடும். அந்த லென்ஸ் அடாப்டரின் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், உங்களுக்குக் கிடைப்பது இருட்டு. மேக்ரோ வசதியை அணைத்துவிட்டு, முதன்மை லென்ஸையே நிலைநிறுத்துங்கள்.

கண்ணுக்குக் கூர்மை, படத்தில் மங்கல் என்றீர்கள். கேள்வியிலேயே எனக்குப் பிடித்த பகுதி இது. பார்வைக் குறைபாடு உள்ளவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பைச் சரிசெய்தால், அந்தக் குறைபாட்டையும் சேர்த்துத்தான் ஃபோகஸ் செய்கிறார். செல்பேசிக்கு அந்தக் குறைபாடு கிடையாது. நீங்கள் கண்ணாடி அணிபவரானால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அணியாதவராக இருந்தாலும் கண் தானாகவே கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும். ஆகவே கண்ணால் பறவையைக் கண்டுபிடித்து, செல்பேசியை மாட்டியபின், திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே ஸ்கோப்பின் ஃபோகஸ் வளையத்தை மட்டும் அசையுங்கள். பறவையின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அது தெளிந்தால் போதும். கொக்கு, நாரை போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு வெளிச்சத்தை ஒரு படி குறைக்காவிட்டால் இறகெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகிவிடும்.

ஷட்டர் பொத்தானைத் திரையில் தொடுவதே ஆட்டம்தான். இரண்டு விநாடி டைமர், அல்லது ப்ளூடூத் ரிமோட். தொடர்ச்சியாக இருபது முப்பது எடுத்து ஒன்றை வைத்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. துறுதுறுவென்று இருக்கும் பறவையை 4கே வீடியோவாக எடுத்து, வேண்டிய சட்டத்தை (ஃபிரேமை) பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சட்டமும் 83 லட்சம் பிக்சல்கள். பறக்கும் பறவையைப் படமெடுக்கும் ஆசையை மட்டும் இந்தக் கருவியிடம் வைக்காதீர்கள். மிரர்லெஸ் கேமராவைப் பொருத்துவதும் வீண் வேலை: 30 மி.மீ. லென்ஸுடன் 25 மடங்கில் வைத்தால் 750 மி.மீ. வரும், ஆனால் ஒளித்துளை எஃப்/15, உள்ளே வரும் வெளிச்சம் மிகக் குறைவு. அந்தக் கேமராவுக்கு ஒரு டெலி லென்ஸ் வாங்கிவிடலாம்.

சூரியனைப் பற்றி முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். முறையான சூரிய வடிகட்டி பொருளருகு வில்லையின் முன்னால் இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பினால் கண் போய்விடும். செல்பேசியின் சென்சாரும் பாழாகும்.

80 மி.மீ. விஷயம். அது உங்கள் வில்லையைவிட 2.5 மடங்கு வெளிச்சம் சேகரிக்கும், 36 மடங்கிலும் 2.2 மி.மீ. ஒளிப்பொட்டு தரும். அந்திக்கருக்கலில் பார்ப்பதே உங்கள் வழக்கம் என்றால், அல்லது பரந்த சேற்றுவெளியில் தொலைவில் மேயும் உள்ளான்களை வண்டியருகே நின்றபடி மணிக்கணக்கில் பார்ப்பவர் என்றால் மாறுவதில் நியாயம் உண்டு. நடந்து போய்ப் பார்ப்பவர் என்றால் வேண்டாம். கண்ணருகு வில்லையோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும், அதைத் தாங்கும் முக்காலி தனி. இப்போதைக்கு ஜூம் வளையத்தில் 20-க்கு நேராக வண்ண நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, ஒரு மாதம் அதைத் தாண்டாமல் எடுத்துப் பாருங்கள். அதன்பிறகும் மங்கலாகவே வந்தால் அந்தப் படங்களில் இரண்டை அனுப்புங்கள். குறை முக்காலியிலா, ஃபோகஸிலா, வில்லையிலா என்று பார்த்துச் சொல்கிறேன்.