சொசபோவ்ஸ்கி மீதான பழி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரையில் போலந்துத் தளபதி ஸ்தானிஸ்வாவ் சொசபோவ்ஸ்கியை 'அநீதி இழைக்கப்பட்டவர்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 1944இல் ஹாலந்தில் ரைன் ஆற்றுப் பாலத்துக்காக நேச நாடுகள் போரிட்டுத் தோற்ற ஆர்ன்ஹெமில், அவருடைய படை சரியாகப் போரிடவில்லை என்று பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியே எழுதியிருக்கிறார். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாதவர் என்றும் படித்தேன். தோற்றுப்போனவர் என்ற இரக்கத்தில் அவரை நாயகனாக்குகிறோமோ?

கே., மதுரை

அன்புள்ள கே.,

ஒத்துப்போகாதவர் என்பது உண்மைதான். முன்கோபக்காரர், மேலதிகாரி என்றும் பார்க்காமல் முகத்துக்கு நேரே பேசிவிடுவார். ஆனால் 1944 அக்டோபரில் மாண்ட்கோமரி எழுதிய கடிதம் அவருடைய குணத்தைப் பற்றியதல்ல. போலந்து வீரர்கள் உயிருக்குப் பயந்து ஒதுங்கினார்கள் என்கிறது. அந்தப் பழியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் படை எதற்காக உருவானது என்று பாருங்கள். 1939இல் வார்சாவைக் காத்து நின்றவர் சொசபோவ்ஸ்கி. நகரம் வீழ்ந்ததும் பிடிபட்டு, தப்பி, ஹங்கேரி, பிரான்ஸ் வழியாகப் பிரிட்டன் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் அவர் பாராசூட் படையைத் திரட்டியதே, தாய்நாடு கிளர்ந்தெழும் நாளில் அங்கே போய்க் குதிக்கத்தான். 'மிகக் குறுகிய வழியில்' என்பது அவர்களுடைய முழக்கம். ஜெர்மானியர் பிடியிலிருந்த வார்சாவில் பெண்கள் ரகசியமாகத் தைத்த கொடி, கடத்தப்பட்டு அவர்கள் கைக்கு வந்தது. 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா எழுந்தது. படையோ அதற்குள் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டுக்குப் போயிருந்தது. சொந்த நகரம் எரிந்துகொண்டிருந்த செப்டம்பரில் இவர்களை இறக்கியது ஹாலந்தில். அப்போதும் போனார்கள். உயிருக்குப் பயந்தவர்கள் என்று இவர்களையா சொல்வது?

மூடுபனியால் கிளம்பவே தாமதமானது. செப்டம்பர் 21 மாலை, பல விமானங்கள் பாதி வழியில் திரும்பிவிட, சுமார் 1,000 பேர் ரைன் ஆற்றின் தென்கரையில் ட்ரீல் கிராமத்தருகே குதித்தார்கள். அக்கரையில் பிரிட்டிஷ் படை முற்றுகையில் சிக்கியிருந்தது. கடப்பதற்கு நம்பியிருந்த படகுத்துறை கைவிட்டுப் போயிருந்தது. இவர்களுடைய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஏற்கெனவே கிளைடர்களில் வடகரையில் இறக்கப்பட்டிருந்தன. மனிதர்கள் ஒரு கரை, ஆயுதம் மறு கரை. 52 வயதுத் தளபதி சைக்கிளில் சுற்றி ஒவ்வொரு நிலையையும் பார்வையிட்டார். ஜெர்மானியர் வெளிச்சக் குண்டு வீசி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்க, சிறு ரப்பர் படகுகளில் இரண்டு இரவுகளில் சுமார் 200 பேர் கடந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆர்ன்ஹெம் பாலத்தின் வடமுனையில் நின்ற பிரிட்டிஷ் வீரர்களின் எதிர்ப்பு அடங்கியது அதே 21ஆம் தேதி காலையில். போலந்துக்காரர்கள் தரையைத் தொடுமுன்பே பாலம் போய்விட்டது. அப்படியிருக்க, தோல்வி எப்படி அவர்களால் வந்ததாகும்? இதே காரணத்தால், அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ஆர்ன்ஹெமை வென்றிருக்கலாம் என்று அவருடைய அபிமானிகள் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 24ஆம் தேதி வால்பர்க் கிராமத்தில் பிரிட்டிஷ் தளபதிகளோடு நடந்த கூட்டத்தில், அதே இடத்தில் சிறு படையை மறுபடி கடக்கவிட்டால் ஆட்கள்தான் வீணாவார்கள் என்று எச்சரித்தார். கேட்கவில்லை. அன்றிரவு கடந்த டார்செட் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவினர் பெரும்பாலோர் பிடிபட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. அந்தச் சரிதான் அவருக்கு வினையானது என்று நினைக்கிறேன். நவம்பரில் அவருடைய பிரிட்டிஷ் மேலதிகாரி ஜெனரல் பிரவுனிங் அவரை நீக்கச் சொல்லி எழுதினார். ஆண்டு முடிவதற்குள் பதவி போய்விட்டது.

தோற்றுப்போனவர் என்கிறீர்கள். அவர் நின்றது வென்ற தரப்பில். போருக்குப் பின் லண்டன் ஆக்டனில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, வார்சா எழுச்சியில் பார்வையிழந்த மகனோடு வாழ்ந்து, 1967இல் இறந்தார். போலந்துப் படையைக் கௌரவிக்கப் போர் முடிந்த கையோடு டச்சு அரசி வில்ஹெல்மினா விரும்பியும் அவரது அரசாங்கம் இணங்கவில்லை. 2006இல்தான் அந்தப் படைக்கு ஹாலந்து தன் மிக உயர்ந்த ராணுவ விருதையும், அவருக்கு வெண்கலச் சிங்கம் விருதையும் அளித்தது. நாயகன் என்று நீங்கள் அவரை அழைக்க வேண்டியதில்லை. மாண்ட்கோமரியின் அந்த வரியை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.