எந்த ஏணியின் எந்தப் படி?

கேள்வி: ரப்பர் பால்வெட்டும் தொழில் செய்துவரும் என் அண்ணனுக்கு (வயது 58) மஞ்சள் காமாலை என்று ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்தும் குறையவில்லை. ஸ்கேனில் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியில் புற்றுக்கட்டி தெரிந்து, திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அறிக்கையில் ‘ஸ்டேஜ் 2பி’ என்று உள்ளது. எங்கள் ஊரில் ‘ஸ்டேஜ் 3சி’ பித்தநாளப் புற்றுநோய்க்காகக் கல்லீரலில் ஒரு பகுதியையும் அகற்றிக்கொண்ட ஒருவர் நான்காம் ஆண்டாக நடமாடுகிறார். அப்படியானால் அண்ணன் அவரைவிட நெடுநாள் இருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நம்பிக்கை கொள்வதில் தவறில்லை, ஆனால் இந்த ஒப்பீட்டை அதற்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது. கல்லீரலின் ஒரு பகுதியும் அகற்றப்பட்டது என்பதால், உங்கள் ஊர்க்காரருக்கு வந்தது இடது, வலது பித்தநாளங்கள் ஒன்றுசேரும் கல்லீரல் வாசலில் தோன்றிய நோயாக இருக்கக்கூடும். கல்லீரலுக்குள், அதன் வாசலில், கணையத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் என மூன்று இடங்களுக்கும், கட்டி (டி), நிணநீர்க் கணு (என்), தொலைவுப் பரவல் (எம்) ஆகியவற்றைக் கொண்டு புற்றுநோயின் நிலையை வகுக்கும் டி.என்.எம். முறை தனித்தனி அட்டவணைகளை வைத்திருக்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த அதன் எட்டாம் பதிப்பின்படி, அருகிலுள்ள இரண்டு நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்தால், வாசல் பகுதி நோயாளி 3சி ஆகிறார்; கீழ்ப்பகுதி நோயாளியோ, பெரிய தமனிகளையும் தொலைவிலுள்ள உறுப்புகளையும் நோய் எட்டாதவரை, இரண்டாம் நிலையிலேயே நிற்கிறார். ஒரே எண்ணிக்கையிலான கணுக்கள், வெவ்வேறு ஏணிகள்.

2பி என்ற ஒரே பெயருக்குள்ளும் வேறுபாடு உண்டு. 12 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவியும் கணு எதற்கும் பரவாத கட்டியும், 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை ஊடுருவி மூன்று கணுக்கள் வரை பரவிய கட்டியும் அதே 2பி தான். ஆகவே ‘2பி’ என்பதைவிட, அதற்கு மேலே டி, என் என்ற எழுத்துகளுடன் எழுதப்பட்டிருக்கும் எண்களே அதிகம் சொல்லும். கணிப்புத் திறனை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 0.5 என்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம், 1 என்பது பிழையற்ற கணிப்பு. இந்த நோயில் நிலைப் பகுப்பு பெரும்பாலும் 0.6-ஐ ஒட்டியே நிற்கிறது. பெருந்தொகையான நோயாளிகளின் சராசரியைக் கூறும் எண்ணைத் தனி ஒருவரின் நாட்காட்டியாக வாசிப்பது, என் கருத்தில், அந்த எண்ணுக்கே நியாயமாகாது.

கட்டி முழுவதும் அகற்றப்பட்டதா, வெட்டு விளிம்பில் புற்றணுக்கள் எஞ்சியுள்ளனவா என்பது வாழ்நாளைப் பெரிதும் தீர்மானிக்கும் செய்தி. ஆனால் அது நிலை எண்ணுக்குள் சேர்வதில்லை. எத்தனை கணுக்கள் எடுத்து ஆராயப்பட்டன என்பதும் அப்படியே: மூன்றே கணுக்களைப் பார்த்துவிட்டுப் ‘பரவல் இல்லை’ என்பதற்கும், பதினைந்தைப் பார்த்துச் சொல்வதற்கும் ஒரே எடை இல்லை. (காமாலையின்போது எடுத்த சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனை அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம். பித்த அடைப்பே அதை உயர்த்தும்.) அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது வெட்டு விளிம்பு, ஆராய்ந்த கணுக்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் கேளுங்கள், அறுவைக்குப் பின் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரையை அண்ணனின் உடல் தாங்குமா என்பதையும் அதனுடன் சேர்த்துப் பேசுங்கள்.